பத்து பாயிண்ட் வரை மௌனவிரதம்!

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக்காரர்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். அங்கே அப்லேண்ட் என்று ஒரு குட்டி ஊர். ஜனத்தொகை நாலாயிரத்தைத் தொடாது, சுற்றிலும் சோளக்காடு. 1846-ல் ஃபோர்ட் வேன் நகரில் பிறந்து, 1893-ல் இங்கே குடிவந்தது டெய்லர் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். (பெயருக்குச் சொந்தக்காரரான பாதிரியார் வில்லியம் டெய்லர், 1870-களில் நம்ம சென்னைக்கே வந்து பிரசங்கம் செய்தவராக்கும்!)

சின்னக் கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ. அமைப்பில்தான் இவர்கள் ஆட்டம். கோடிகளைக் கொட்டும் டி.வி. ஒப்பந்தமெல்லாம் கிடையாது. ஆனால் டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இருக்கிறதே... மறுவாரம் பரீட்சை. படிக்க வேண்டிய பிள்ளைகள் பைஜாமாவிலும் மாறுவேஷத்திலும் அரங்கில் வந்து குவிகிறார்கள். மேட்ச் ஆரம்பித்ததும், மூச்! ஷூ கீச்சிடும் சத்தமும் பந்து தட்டும் சத்தமும்தான். தங்கள் டீம் பத்தாவது பாயிண்ட் எடுக்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது.

ஆடுகிற பையன்கள் பாடுதான் பாவம். ஸ்கோர் ஒன்பது. அடுத்த பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தால்? ஊரே வாயைப் பொத்திக்கொண்டு தவிக்கும். சொந்த மைதானத்தின் பலமே கூச்சல்தான். அதையே பூட்டி வைக்கிறார்களே, என்ன வீம்பு! ஆனால் அந்த நிசப்தத்தில் எதிரணிக்குத்தான் அதிகம் உதறும் என்பது என் கணிப்பு.

பத்து விழுந்ததும் கூரை பிய்த்துக்கொள்கிறது. ஆட்டம் முடியப்போகும்போது அதே கும்பல் தோளோடு தோள் சேர்த்து 'சைலண்ட் நைட்' பாடுகிறது. அப்புறம்? ஹாஸ்டல், புத்தகம், தூக்கம் கெட்ட ஒரு வாரம்.