அப்பத்தாவும் ஒரு சைபரும்

ஒருபுறம் குமுளி மலை, மறுபுறம் வருசநாட்டு மலை, நடுவே முல்லைப் பெரியாறு பாயும் வயல்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கடலைக் காண வெகுதூரம் செல்ல வேண்டும். ஆயினும் கடல் கடந்த உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள், சிங்கப்பூரில் குடியேறியவர்கள், இறைப்பணிக்காக இத்தாலி சென்ற கன்னியர் எனப் பலர் உண்டு. எங்கள் அத்தையும் ரோமாபுரியில் ஒரு மடத்தில் இருக்கிறார்.

கடித உறையில் ஆளின் பெயரை முதலிலும் நாட்டைக் கடைசியிலும் எழுதுகிறோம். தொலைபேசியிலோ எல்லாம் தலைகீழ்! முதலில் நம் நாட்டை விட்டு வெளியேறும் வாசலாகிய 00; அடுத்து நாடு, அதன்பின் ஊர், கடைசியில்தான் வீடு. இலங்கைக்கு 94, சிங்கப்பூருக்கு 65, குவைத்துக்கு 965, நமக்கு 91. அந்த வாசலும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011. கைப்பேசியில் + குறியைப் போட்டுவிட்டால், எந்த நாட்டில் நின்றாலும் அந்நாட்டு வாசலை அது தானே திறந்துகொள்ளும். வெளிநாடு புறப்படும் அண்ணன்மார், வீட்டு எண்களை +91 சேர்த்துப் பதிந்துகொண்டு போவது நல்லது.

டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலத்தை அப்பத்தா அடிக்கடி சொல்வார். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு நேரே சுழற்றிப் பேசும் வசதி 1976இல் பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கியது. மஞ்சள் பலகை மாட்டிய பூத்துகள் நம் கடைவீதிகளுக்கு வந்தது அதற்கும் பின்னர்தான். அங்கே மீட்டரில் ஏறும் சிவப்பு எண்களைப் பார்த்தே அப்பத்தாவுக்குப் பாதிப் பேச்சு மறந்துபோகுமாம்!

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் மதுரையில் அப்பத்தாவுக்குக் கண் அறுவை. அதற்கு முந்தின நாள் மகளின் குரலைக் கேட்டே ஆகவேண்டும் என்றார். அத்தையோ தியானத்தில் இருந்ததால் கைப்பேசியை அணைத்திருந்தார். மடத்துத் தொலைபேசி ஒன்றே வழி. கைப்பேசிக் கடைத் தம்பி எண்ணைத் திருத்தி எழுதிக் கொடுத்திருந்தார். எத்தனை முறை அழுத்தியும் மணி அடிக்கவில்லை. அப்பத்தா சாப்பிடவும் மறுத்துவிட்டார்.

அந்தத் தம்பியையும் குறை சொல்ல முடியாது. அயல்நாட்டிலிருந்து தேனியை அழைப்போர் 04546இன் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு 91 4546 என்றுதான் அழைக்கவேண்டும். அதே முறையில் அவர் ரோமின் 06ஐ 6 ஆக்கிவிட்டார். நாங்கள் அத்தையின் பழைய கடிதங்களைத் தேடி எடுத்தோம். மடத்தின் அச்சிட்ட தாளில் +39 06 என்று தெளிவாக இருந்தது. 1998 முதல் இத்தாலியில் அந்தப் பூஜ்யம் எண்ணோடு பிரியாத உறுப்பு. வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் விடக்கூடாது. (வத்திக்கானுக்கு 379 என்ற தனிக் குறியீடு ஒதுக்கப்பட்டும், அது இத்தாலியின் 39 06ஐயே பயன்படுத்துகிறது என்பது பிறகு நாங்கள் அறிந்த வேடிக்கை!)

பூஜ்யத்தைச் சேர்த்தோம். இங்கே இரவு ஏழரை, அங்கே மாலை நான்கு. மணி அடித்தது. யாரோ இத்தாலிய மொழியில் பேசினார். அத்தையின் பெயரை மட்டும் இருமுறை சொன்னோம். சற்று நேரத்தில், "அம்மா!" என்றது அத்தையின் குரல்.

"ஏத்தா, ஒரு சைபருக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டுவிட்டு அப்பத்தா அழத் தொடங்கினார்.

அந்த எண் இப்போது காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதப்பட்டு, சைபர் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருக்கிறது. போன ஞாயிறு அப்பத்தா தாமே எண்களை அழுத்தினார். உதவ வந்த எங்களை, "தள்ளிப் போங்கடி" என்று விரட்டிவிட்டார்.