அளந்து போடு!

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும் பழமொழி. ஆற்றோடு போகிற பொருளை எதற்காக அளப்பது என்று சிறுவயதில் நான் சிரித்ததுண்டு. அரூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் கேட்ட அந்தச் சொல்லின் பொருள், பெங்களூருக்கு வந்து, பௌதிகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்து, இருபத்துமூன்று வயதும் ஆன பிறகு, ஒரு கம்பி வடத்தின் வாயிலாகத்தான் எனக்கு விளங்கிற்று. நண்பர்களே, அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு மாடி வீட்டில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கிறோம். குடியேறிய அன்றே வீட்டுக்காரர் கனிவோடு சொல்லிவிட்டார்: “இந்த வீட்டுக்கு ஒரே கேபிள்காரர்தான். வேறு ஆள் வந்து சுவரில் துளை போடக் கூடாது.” பெங்களூர்த் தெருக்களைப் பாருங்கள்! மரத்துக்கு மரம், கம்பத்துக்குக் கம்பம், கறுப்பு வடங்கள் கொடிபோலத் தொங்குகின்றன. இத்தனை வடங்கள் ஓடும் ஊரில் எங்கள் வாசலுக்கு வருவது ஒன்றே ஒன்று. நூறு கடை இருந்தும் ஒரு கடையில்தான் வாங்க வேண்டும் என்றால், அந்தக் கடைக்காரர் படியை எப்படிப் பிடிப்பார்?

“நூறு எம்.பி. வேகம், ஆறு திங்களுக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை” என்றார் கேபிள்காரர். கட்டினோம். பகலெல்லாம் குறையில்லை. இரவு ஒன்பது மணி அடித்ததும் திரையில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கும். பதினொன்று வரை சுழலும். தொலைபேசியில் முறையிட்டால், “ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்” என்ற ஒரே மருந்துதான். தலைவலிக்கும் அதுவே, வயிற்றுவலிக்கும் அதுவே!

இந்தியக் கல்விக்கூடங்களை இணைத்த எர்நெட் என்னும் வலை 1986-இல் தொடங்கியபோது, அதில் முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களுள் இந்நகரின் இந்திய அறிவியல் கழகமும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். பொதுமக்களுக்குப் பல ஆண்டு முன்னரே கல்விக்கூட வலையில் இடம்பெற்ற நகரில், இரவு ஒன்பதரைக்கு நான் ஒரு சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று அது வெறும் பொழுதுபோக்கு அன்று. வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆய்வு மாணவராகச் சேர எனக்கு நேர்காணல். மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருந்த பேராசிரியரின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மீண்டும் தொடர்பு கிடைத்தபோது ஒன்பது நிமிடம் கழிந்திருந்தது. அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. வடத்தினால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் கேள்வியிலேயே நான் தடுமாறியதை நான் அறிவேன். ஆனால் எது என் குற்றம், எது வடத்தின் குற்றம் என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பையே அந்த ஒன்பது நிமிடம் பறித்துக்கொண்டது. அதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் நண்பர்கள் மூவரும் கேபிள்காரரிடம் சண்டைக்குப் புறப்பட்டார்கள். அப்போதுதான் ஆயாவின் சொல் நினைவுக்கு வந்தது. நாம் எதை வாங்கினோம், எவ்வளவு வந்தது என்று அளந்தோமா? அறிவியல் படிக்கிறவன் அளக்காமல் சண்டைக்குப் போகலாமா? ஒரு நோட்டுப் புத்தகத்தை வாசல் ஆணியில் தொங்கவிட்டோம். பதினான்கு நாள், நாளொன்றுக்கு நான்கு வேளை, இரண்டு வகையாக அளந்தோம்: வடத்தை நேராகக் கணினியில் செருகி ஒருமுறை, கம்பியில்லாமல், கட்டிலில் உட்கார்ந்து ஒருமுறை.

முதல் பாடம் எங்களுக்கே. ‘நூறு எம்.பி.’ என்பது நூறு மெகாபிட். நாங்கள் எண்ணியிருந்ததுபோல மெகாபைட் அன்று. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு நூறு மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட்தான். இரண்டாம் பாடமும் எங்களுக்கே. நண்பகலில் வடத்தில் 92 வந்தபோது கட்டிலில் 30-ஐத் தாண்டவில்லை. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தோம்! உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய நானே அதை வைத்தவன்.

மூன்றாம் பாடம் கேபிள்காரருக்கு. இரவு ஒன்பதுக்கு, நேராகச் செருகிய வடத்திலேயே வேகம் பதினொன்றுக்கு இறங்கியது. காரணம் எளியது. தெருவுக்கு ஒரு பெரிய குழாய். அதிலிருந்து வீட்டுக்கு வீடு ஒரு சிறு குழாய். எல்லாரும் ஒரே வேளையில் திறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பெரிய குழாய் தாங்குவதற்கு மேல் இணைப்புகளை விற்கிறார்கள். இரவில் எல்லாரும் திறக்கிறார்கள். விளம்பரத்தில் ‘நூறு வரை’ என்று எழுதியிருக்கும். அந்த ‘வரை’ என்ற சிறு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது. சட்டமும் பெரிதாகக் கேட்கவில்லை. அகன்ற அலைவரிசை என்று பெயர் பெற 2023 சனவரி முதல் நொடிக்கு 2 மெகாபிட் இருந்தால் போதும்.

நோட்டோடு கேபிள்காரர் அலுவலகத்துக்குப் போனேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பேசினேன். அவர் சண்டைக்கு அணியமாக நின்றார். எண்களைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதையெல்லாம் உன்னை யார் எழுதச் சொன்னது?”

“எங்கள் ஆயா, அண்ணா.”

சிரித்துவிட்டார். தாமும் மேலே ஒரு பெரிய நிறுவனத்திடம் வாங்கி விற்பவர்தாம் என்றும், அங்கே முறையிட்டால் தமக்கும் அதே ‘அணைத்துப் போடு’தான் என்றும் சொன்னார். எங்கள் முறையீட்டுக்கு ஓர் எண் கேட்டேன், எழுதிக் கொடுத்தார். 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீட்டுக்கு எண் தர வேண்டும். குறை தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதுவரை போக நேரவில்லை. இரண்டு நாளில் எங்கள் வீட்டை நெரிசல் குறைந்த வேறொரு பிரிவுக்கு மாற்றினார். இப்போது இரவில் அறுபது வருகிறது. நூறு ஆகவில்லை, ஆனால் வட்டம் நின்றது.

இந்த வெற்றிச் செருக்கோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஆயா வீட்டுத் தொலைக்காட்சிக் கணக்கையும் எடுத்தேன். தமிழக அரசு கேபிள் 2011-இல் திங்களுக்கு 70 ரூபாய்க்கு வந்தது. 2019-இல் வேண்டிய அலைவரிசையைத் தனித்தனியே தேர்ந்துகொள்ளும் முறை நாடெங்கும் வந்தது. அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு, வரி தனி, கட்டண அலைவரிசைகளின் விலை தனி. 2024-இல் அந்த உச்சவரம்பும் எடுக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மாற்றாக, தூர்தர்சனின் இலவசத் தட்டுச் சேவை 2004 திசம்பர் முதல் இருக்கிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். மாதக் கட்டணம் இல்லை. கடையில் விலை கேட்டு, ஆண்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று தாளில் எழுதி, ஆயாவின் முன் வைத்தேன். அவள் பார்க்கும் தொடர் மட்டும் அந்தத் தட்டில் வராது. “தொடர்தானே, ஆயா?” என்றேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை. “கணக்கெல்லாம் சரிதான் கண்ணு. தாத்தா போனதுக்கப்புறம் எட்டு மணிக்கு நம்ம வூட்டுல நாலு பேரு வந்து உக்காருறாங்களே, அதையும் சேத்து அளந்தியா?”

நான் அளக்கவில்லை. அளவுகோல் கையிலிருந்தால் போதுமா? எதை அளப்பது என்றும் தெரிய வேண்டாமா? தாளை மடித்து வைத்துவிட்டு, ஆயா உண்மையில் பார்ப்பவை எவை என்று ஒரு வாரம் கவனித்தேன். மூன்றே அலைவரிசைகள்! கட்டிக்கொண்டிருந்ததோ பெருங்கட்டுக்கு. ஊர்க் கேபிள்காரரிடம் சொல்லி அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். கட்டணம் குறைந்தது; எட்டு மணிக்கு வரும் நால்வரும் குறையவில்லை.

தோழர்களே, நம்மில் பலர் வாடகை அறைகளில், ஒரே வடத்தை நம்பி இருக்கிறோம். பணம் கட்டுமுன் ‘வரை’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஆறு திங்களுக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள். இரவில், வடத்தை நேராகச் செருகி அளந்து, எழுதி வையுங்கள். முறையீட்டு எண் இல்லாமல் தொலைபேசியை வைக்காதீர்கள். முக்கியமான நேர்காணல் இருந்தால், கைப்பேசியில் மாற்று இணைப்பை முன்னதாகவே ஆயத்தமாக வைத்திருங்கள். மாடிப்படியில் ஓடிய எனக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எங்கள் நோட்டு இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஆண்டு அந்த அறைக்கு வரும் இளையோருக்கு அதை விட்டுச் செல்வதாக இருக்கிறோம். உங்கள் தெருக் கணக்கையும் எழுதி மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்த்துப் பார்ப்போம்.