மரபணுன்னு ஒரு வார்த்தை சொன்னேனுங்க...

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு. கொஞ்சம் சீரியஸ். மொக்கை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிச்சுக்கங்க :-) நான் டாக்டரும் இல்லீங்க, அக்காவுக்கு வந்ததால படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஆளு, அவ்வளவுதான்.

2014 ஐப்பசி. பல் தேய்க்கும்போது அக்காவுக்கு ஈறுல ரத்தம். கால்ல அங்கங்கே நீலமா கன்னிப் போயிருந்துச்சு. டெங்கு சீசன் வேற. ரத்தப் பரிசோதனையில பிளேட்லெட் கம்மி. அப்புறமென்ன? அவினாசிப் பக்கம் எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு வைத்தியர் ஆச்சே. ஒருத்தர் நிலவேம்புக் கஷாயம்னார், இன்னொருத்தர் பப்பாளி இலைச் சாறுன்னார். ரெண்டு நாள் அதுலயே போச்சு.

கோவையில ஒரு ஆஸ்பத்திரியில இடுப்பெலும்புல ஊசி விட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தாங்க. அன்னைக்கு ராத்திரியே அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க. அக்யூட் புரோமைலோசைடிக் லுக்கீமியா. இதுல முதல் சில நாள்தான் கண்டம், மூளையில ரத்தம் கசிஞ்சே ஆள் போயிடலாமாம். அந்தக் கஷாய நாள் ரெண்டையும் நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

டாக்டர் படம் போட்டுச் சொன்னார். 15-ம் குரோமோசோமும் 17-ம் குரோமோசோமும் உடைஞ்சு, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்குது. 1977-ல ஜேனட் ரௌலிங்கற அமெரிக்க அம்மா கண்டுபிடிச்சது. அந்த ஒட்டுல ரெண்டு மரபணு சேர்ந்து, இல்லாத ஒரு கலப்புப் புரதம் உருவாகுது. அது என்ன பண்ணுதுங்கறதுதான் வேடிக்கை.

மச்சான் சிங்காநல்லூர்ல ஸ்பின்னிங் மில்லுல இருந்தவர். அவருக்கு இப்படிச் சொன்னேன். ஒரு செல்லுக்குள்ள சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ நூல், கோன்ல சுத்தின மாதிரி புரதத்து மேல சுத்திக் கெடக்கு. படிக்க வேண்டிய இடத்துல சுத்து தளர்வா இருக்கணும். அதுக்குன்னு வேதியியல் அடையாளம் உண்டு. இந்தக் கலப்புப் புரதம் அந்த அடையாளத்தை அழிக்கிற நொதிகளைக் கூட்டிட்டு வந்து உக்காந்துக்குது. சுத்து இறுகிப் போகுது. நூல் அறுகலை, நுனிதான் கிடைக்கலை. வெள்ளையணு முதிர்ச்சி அடையாம பாதியிலயே நின்னுடுது. எபிஜெனடிக்னு சொல்றாங்களே, அது இதுதான்.

மச்சான் யோசிச்சுட்டு, "அப்ப நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்ல. சுத்தைப் பிரிச்சாப் போதுமா மாப்ள?"ன்னார். நான் அசந்து போயிட்டேன். 1985-ல ஷாங்காய்ல வாங் சென்யி 5 வயசுக் குழந்தைக்குச் செஞ்சது அதுதான். வைட்டமின் ஏ-க்கு சொந்தமான ஒரு மருந்தைக் கொடுத்தார். சுத்து தளர்ந்து செல்லுங்க முதிர்ச்சி அடைஞ்சுது.

அக்காவுக்கு அந்த மாத்திரையோட இன்னொண்ணும் ஏத்துனாங்க. ஆர்சனிக். நம்ம பாஷையில வெள்ளைப் பாஷாணம். அது அந்தக் கலப்புப் புரதத்தையே அழிச்சுடுமாம். சீனாக்காரங்க ஆரம்பிச்சு வெச்சது. நம்ம வேலூர் சிஎம்சியில விக்ரம் மேத்யூஸ் குழு 1998-லிருந்து 2004 வரைக்கும் 72 புது நோயாளிகளுக்கு இதை மட்டுமே முக்கிய மருந்தா கொடுத்துப் பார்த்தது. 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சுன்னு 2006-ல எழுதினாங்க. பணம் இல்லாதவங்களும் பிழைக்க வழி கிடைச்சது.

அம்மாயி பாட்டிலைப் பார்த்து, "என்ன மருந்து சாமி?"ன்னு கேட்டுச்சு.

"பாஷாணமுங்க அம்மாயி."

"ஐயோ, புள்ளைக்குப் பாஷாணத்தையா ஏத்தறாங்க!"ன்னு ஒரே அழுகை. அப்புறம் அதுவே கண்ணைத் துடைச்சுட்டு, "பழனியாண்டவரே நவபாஷாணந்தானே... ஏத்தட்டும்"னுடுச்சு. எனக்கு நாலு பக்கம் படிச்சும் வராத தெளிவு :-)

அக்கா பொழச்சுட்டா. முடிகூடக் கொட்டலை. "கேன்சர்னா முடி கொட்டணுமே?"ன்னு சந்தேகப்பட்ட சொந்தங்களும் உண்டு.

இனிதான் என் திருவிளையாடல். 2017-ல அக்கா பொண்ணுக்கு காங்கயம் பக்கம் ஒரு இடம். கூட்டம், ஜாதகம் எல்லாம் பொருந்தி, உறுதி வார்த்தை பேசற வரைக்கும் வந்தாச்சு. திருப்பூர்ல ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் அக்காவைப் பத்தி விசாரிச்சார். அறிவாளியாட்டம், "ஒட்டுவார் ஒட்டியெல்லாம் இல்லீங்க, அது ஒரு மரபணுக் கோளாறு"ன்னு சொல்லிட்டேன்.

நாலே நாள்ல தரகர் போன். "ஏனுங்க, வம்சத்துலயே இருக்குதாமே?"

மரபணுங்கற வார்த்தையிலயே மரபு இருக்குதே, அவங்களைச் சொல்லி என்ன பண்ண? அக்காவுக்கு அந்த உடைசல் நடந்தது நாப்பது வயசுக்கு மேல, மஜ்ஜையில ஏதோ ஒரு செல்லுல. கருமுட்டையில இல்ல. அதுக்குள்ள பொண்ணு காலேஜே சேர்ந்தாச்சு. பொறந்த பிறகு வந்தது எப்படி அவளுக்குப் போகும்? நீலகிரி மலைமக்கள்கிட்ட இருக்கற சிக்கிள் செல், இல்லாட்டி தலசீமியா, அதெல்லாம் பெத்தவங்ககிட்ட இருந்து வர்றது. அங்க கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தம் பார்க்கறது நியாயம். இது வேற. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வெச்சுட்டு நாம படற பாடு!

காங்கயத்துக்கே போனேன், கையில ஒரு நூல் கோனோட. மாப்பிள்ளையோட அப்பா பொறுமையா கேட்டார். "நீங்க சொல்றது சரியாத்தானுங்க இருக்கும். ஆனா நாலு பேரு கேட்டா ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் நூலைப் பிரிச்சுக் காட்ட முடியுமுங்களா?" காபி குடுத்து அனுப்பிட்டாங்க. திரும்பி வர்ற வழியெல்லாம் மச்சான் ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தாக்கூட தேவலை.

2019-ல ஈரோட்டுப் பக்கம் அமைஞ்சது. இந்தத் தடவை யாரையும் பேச விடலை பொண்ணு. பார்க்க வந்த பையன்கிட்ட அம்மாவோட கடைசி பிசிஆர் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டி, "அந்தக் கலப்பு இப்ப இல்லீங்க. எனக்கு எப்பவுமே இல்லீங்க. வேற ஏதாவது கேக்கணுமா?"ன்னு கேட்டுட்டா. பையன், "சமைக்கத் தெரியுமா?"ன்னானாம். "தெரியாது"ன்னாளாம்.

கல்யாணம் ஆச்சு, குழந்தையும் ஆச்சு. என்னை மட்டும் இப்பவும் 'மரபணு மாமா'ன்னுதான் கூப்பிடறா. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில எனக்குப் பக்கத்து இலையில அவளே வந்து உக்காந்துக்கறா.