'ஜோக்குதானே... இதுக்குப் போய் கோவிச்சுக்கலாமா?'

மதியம் ஒன்றரை மணி. சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலக கேன்டீன். ஆறு பேர் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டு வந்த ஜூனியர் பையனைப் பார்த்து சீனியர் ஒருவர் சிரித்தபடி சொன்னார்: "என்னடா கலர் இது... காலனிக்காரன் மாதிரி இருக்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கண்ணா, தப்பு" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இதுல என்னம்மா தப்பு? நானே பேங்க் காலனியிலதான் குடியிருக்கேன்!" மறுபடியும் சிரிப்பு.

அவளிடம் பதில் இருந்தது. பேங்க் காலனி, ரயில்வே காலனி என்று முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டால் அது முகவரி. முன்னால் எதுவும் இல்லாத வெறும் 'காலனி', சாதி. விழுப்புரம் பக்கம் அவள் பிறந்த கிராமத்தில் ஊர் வேறு, காலனி வேறு. நடுவில் ஏரிக்கரை. டவுனில் யாராவது "எந்தத் தெரு?" என்று கேட்டால், அவள் அப்பா இன்றைக்கும் "ஏரிக்கரைப் பக்கம்" என்றுதான் சொல்வார்.

இதையெல்லாம் சொல்ல வேண்டுமானால், "நானும் காலனிதான்" என்று முதலில் சொல்ல வேண்டும். இரண்டு வருடங்களாக அந்த ஆபீஸில் அவள் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. வாடகை வீடு பார்க்கப் போனபோது, "நீங்கள்லாம் என்ன ஆளுங்க?" என்று ஓனரம்மா கேட்டார். உடன் வேலை பார்க்கும் தோழிதான் தன் சாதியைச் சொல்லி, இருவருக்குமாகச் சாவியை வாங்கினாள். கேன்டீன் மேஜையில் அந்தத் தோழியும் இருந்தாள். அவள் வாய் பேசவில்லை.

மறுநாள் டீம் லீடர் மேடம் கூப்பிட்டார். "எல்லார் முன்னாடியும் அவரைச் சாதி பார்க்கிறவர் மாதிரி ஆக்கிட்டீங்களாம். அவருக்கும் மனசு கஷ்டமா இருக்காம். ரெண்டு பேரும் ஸாரி சொல்லி முடிச்சுக்கங்க."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அவர் வருத்தம் பொய்யென்றும் சொல்ல முடியாது. நாலு பேர் முன்னால் 'தப்பு' என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால், தன் வருத்தத்தைச் சொல்ல அவர் எதையும் இழக்க வேண்டியதில்லை. அடுத்த மாத அப்ரைசலில் அவளுக்கு மதிப்பெண் போடப்போகிறவரே அவர்தான். அவள் தன் வருத்தத்தை விளக்கினால், மறைத்து வைத்த சாதி வெளியே வரும். அது ஓனரம்மா காதுவரை போனால் வீடும் போகலாம்.

மனம் புண்படுவதை எண்ணிக்கையால் தீர்க்கும் வழக்கம் புதிதல்ல. 1938-ல் பம்பாய் சட்டமன்றத்தில் வந்த ஓர் உள்ளாட்சி மசோதா, தாழ்த்தப்பட்ட மக்களை 'ஹரிஜன்' என்று குறிப்பிட்டது. அந்தப் பெயர் வேண்டாம் என்றார்கள் அம்பேத்கரும் அவர் கட்சியினரும். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை; அவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். யாருக்கு அந்தப் பெயரோ, அவர்கள் சபையில் சிறுபான்மை. சாதிச் சான்றிதழில் அந்தச் சொல்லை எழுத வேண்டாம் என்று மத்திய அரசு அறிவுறுத்தியது 1982-ல்.

'காலனி'க்கும் அதே கதைதான். வசைச்சொல்லாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அந்தச் செய்தியை மொபைலில் எடுத்து வைத்துக்கொண்டுதான் மேடம் அறைக்குள் போனாள் அவள். காட்டவில்லை. "உங்களுக்கு எதுக்கு இதுல இவ்வளவு அக்கறை?" என்று அடுத்த கேள்வி வருமே!

ஸாரி சொன்னாள். அவரும் சொன்னார்: "நீ ஃபீல் பண்ணியிருந்தா ஸாரிம்மா." சொன்ன வார்த்தைக்கு அல்ல, அவள் ஃபீல் பண்ணியதற்கு.

அன்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே தோழி சொன்னாள்: "நீ சொன்னது கரெக்ட்டுதான்டி. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"எனக்கெதுக்கு வம்புன்னு..."

"உனக்கு என்னடி வம்பு? நீ சொல்லியிருந்தா, 'நீ என்ன ஆளு'ன்னு யாரும் யோசிச்சிருக்கக்கூட மாட்டாங்க. 'தப்பு'ன்னு சொன்னதோட முடிஞ்சிருக்கும்."

கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. தோழி அதைத் திருப்பிப் போடாமல் அப்படியே நின்றாள்.