பின்னால் மட்டும் போகும் ஆசனம்

பௌதிகம் படிக்கிறவர்கள் சங்க மலருக்கு எழுதினால் அணுவைப் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஆகாயத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு பழைய காரின் இருக்கையைப் பற்றி. அணுவில் ஆசையுள்ள அன்பர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புனேயில் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குக் கிர்க்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ ஓர் உறவினர் வீடு இருக்கும். எனக்குக் கிர்க்கியில் அத்தை வீடு. மாமா தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 2019-ல் ஒரு பழைய காரை வாங்கினார். 2007-ல் செய்த வண்டி. ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் வைத்திருந்த ரகம். அதன் பெயர் நமக்கு வேண்டாம். அதில் மாமாவுக்குப் பிடித்தது எஞ்சின். அத்தைக்குப் பிடித்தது ஓட்டுநர் இருக்கை. ஸ்விட்சைத் தொட்டால் இருக்கை முன்னால் வரும், பின்னால் போகும், உயரும், தாழும், சாயும்.

இது வெறும் ஆடம்பரம் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் அத்தையின் உயரம் நான்கடி பத்தங்குலம். ஐம்பத்திரண்டாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். இருக்கையை முழுக்க உயர்த்தி, நன்றாக முன்னுக்கு இழுத்தால்தான் அவர் கால் பிரேக்கை எட்டும், கண் சாலையை எட்டும். மாமாவின் சிறுநீரகங்கள் பழுதான பிறகு, செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் அவரை டயாலிஸிஸுக்கு அழைத்துப் போவது அத்தைதான். வாடகைக் கார் கிடைக்காத ஊரில்லை. ஆனால் திரும்பி வரும்போது மாமாவுக்குத் தலை சுற்றும், குமட்டும். வழியில் இரண்டு தடவையாவது நிறுத்த வேண்டும். "முன்பின் தெரியாதவன் வண்டியில் எப்படிடா வாந்தி எடுக்கிறது?" என்பார். அந்தக் கூச்சத்துக்கு மருந்து அத்தை ஓட்டும் கார் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பையன் காரைக் கழுவித் தருகிறேன் என்று வந்தான். ஆறடிப் பிள்ளை. உட்கார இடம் போதாமல் இருக்கையைப் பின்னால் தள்ளினான். அது போயிற்று. திரும்பி வரவில்லை. வந்தவர் போனவரெல்லாம் ஸ்விட்சை அழுத்திப் பார்த்தார்கள். முன்னால் அழுத்தினால் ஒன்றுமில்லை. பின்னால் அழுத்தினால் இன்னும் ஓர் அங்குலம் போகும். உதவி செய்ய வந்தவர்கள் புண்ணியத்தில் ஞாயிறு காலைக்குள் இருக்கை கடைசி எல்லைக்கே போய்விட்டது.

ஒரு மெக்கானிக்கை அழைத்தார் மாமா. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "மோட்டார் போயிற்று, முழு இருக்கையையும் மாற்ற வேண்டும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். இருக்கையைக் கழற்றுவதிலும் ஒரு சிக்கல். முன்பக்கத்து போல்ட்டுகளைக் கழற்ற இருக்கை பின்னால் போயிருக்க வேண்டும். பின்பக்கத்து போல்ட்டுகளுக்கு அது முன்னால் வந்திருக்க வேண்டும். பின்னாலேயே நின்றுவிட்ட இருக்கையை எப்படிக் கழற்றுவது? "அறுத்துத்தான் எடுக்க வேண்டும்" என்றார். அத்தை உள்ளே போய்விட்டார். மாமா, "காரையே கொடுத்துவிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மெக்கானிக் சொன்னதில் எனக்கு ஒன்று பொருந்தவில்லை. முன்னால் இழுப்பதும் பின்னால் தள்ளுவதும் ஒரே மோட்டார். அதற்கு இரண்டு கம்பிகள். மின்சாரம் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறினால் ஒரு பக்கம் சுற்றும். மாற்றி விட்டால் எதிர்ப் பக்கம் சுற்றும். பின்னால் தள்ளுகிற மோட்டார் செத்த மோட்டாராக இருக்க முடியாது. உயர்வதும் சாய்வதும் ஒழுங்காக நடந்ததால் பியூஸையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. எஞ்சியவை இரண்டே. தண்டவாளத்தில் ஏதோ அடைத்துக்கொண்டு முன்னால் வர விடாமல் தடுக்க வேண்டும். அல்லது ஸ்விட்சில் கோளாறு இருக்க வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு காசு செலவில்லாத சோதனை உண்டு. இருட்டியதும் காருக்குள் இருக்கும் சிறு விளக்கைப் போட்டேன். பின்னால் போகும் ஸ்விட்சை ஒரு நொடி தொட்டேன். இருக்கைக்குப் போக இடமில்லை. மோட்டார் முனகியது, விளக்கு மங்கியது. நகர முடியாத மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் என்பதற்கு அது அடையாளம். அதிக நேரம் அழுத்தினால் மோட்டார் சூடேறிவிடும். பிறகு முன்னால் அழுத்தினேன். விளக்கு அசையவே இல்லை. தண்டவாளத்தில் தடையிருந்தால் அப்போதும் மங்கியிருக்கும். மின்சாரமே ஓடவில்லை என்பது உறுதியாயிற்று.

திங்கள் மாலை ஆய்வுக்கூட நண்பர் ஒருவரிடம் மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு போனேன். அத்தை வெளியே நின்று ஸ்விட்சை அழுத்த, நான் பின் இருக்கைக்கு முன்னால் குப்புறப் படுத்து, மோட்டாரின் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். முன்னால் அழுத்தியபோது முதல் கம்பியில் 12.4 வோல்ட். சரி. திரும்பும் கம்பியில் ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். அதிலும் 12.4!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்விட்சை அழுத்தாதபோது இரண்டு கம்பிகளும் காரின் உடலோடு, அதாவது பாட்டரியின் எதிர்முனையோடு, சேர்ந்திருக்கும். அழுத்தினால் ஒன்று மட்டும் விலகி நேர்முனையைத் தொடும். மற்றது இருந்த இடத்திலேயே இருந்து, மின்சாரம் திரும்பிப் போக வழிவிடும். எங்கள் ஸ்விட்சில் அந்தச் சும்மா இருக்கும் தொடுமுனைதான் கெட்டிருந்தது. திரும்ப வழியில்லாததால் மின்னழுத்தம் மோட்டாரைத் தாண்டி வந்து மறுபுறமும் அப்படியே நின்றது. இரு முனைகளுக்கும் வேற்றுமையில்லை; வேற்றுமையில்லாவிட்டால் ஓட்டமில்லை.

"போக வழி இருக்கிறது, திரும்ப வழி இல்லை, அத்தை" என்றேன்.

"கிர்க்கிக்கு வந்த எங்களைப் போலவா?" என்றார் அத்தை. சிரிக்கிறாரா என்று படுத்த இடத்திலிருந்து தெரியவில்லை.

ஊகத்தை உறுதிசெய்ய, திரும்பும் கம்பியை, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, காரின் உடலோடு இணைத்தேன். "அத்தை, முன்னால் மட்டும்தான். மறந்தும் பின்னால் அழுத்திவிடாதீர்கள்" என்றேன். அழுத்தினால் நேர்முனை நேராக உடலில் மோதும்; அதற்குத்தான் பியூஸ். அத்தை அழுத்தினார். இருக்கை உறுமிக்கொண்டு முன்னால் வந்தது. அவர் உயரத்துக்குத் தக்க இடம் வந்ததும், "போதும், போதும்!" என்றார். மணி ஒன்பதரை. மறுநாள் ஐந்தரைக்குப் புறப்பட வேண்டும்.

அதோடு விட்டுவிடலாம் என்றார் மாமா. அத்தை சம்மதிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ஸ்விட்சைக் கழற்றினோம். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறச் சொருகி ஒன்று இருந்தது. மோதலின்போது விரியும் காற்றுப்பையின் இணைப்புக்கு அந்த நிறம்தான் வழக்கம். அதோடு விளையாடக் கூடாது. அதனால் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தே வேலையைத் தொடங்கினோம். ஸ்விட்சைத் திறக்கும்போது உள்ளேயுள்ள சிறு ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடாமலிருக்க மேலே ஒரு துணியைப் போர்த்தினேன். உள்ளே, தொடுமுனை ஒன்றின் மேல் கறுப்பாகப் பிசின் போல ஒன்று. முகர்ந்து பார்த்தேன். காபி! அதிகாலைப் பயணங்களில் அத்தை கதவோரம் வைக்கும் பிளாஸ்க்கின் கைங்கரியம். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மிக நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மூடினோம். இருக்கை இரு பக்கமும் ஓடியது.

எல்லாக் கார்களுக்கும் இதே கதைதான் என்று சொல்லவில்லை. மோட்டார் சத்தம் கேட்டும் இருக்கை நகராவிட்டால், சுழற்சியைக் கொண்டுபோகும் கேபிளோ பல்சக்கரமோ தேய்ந்திருக்கும். மெதுவாக நகர்ந்தால் தண்டவாளத்தில் அழுக்கு, காய்ந்த கிரீஸ். எதுவுமே அசையாவிட்டால் முதலில் பியூஸ், பாட்டரி. பிறகு தரை விரிப்புக்கு அடியில் துருப்பிடித்த இணைப்புகள். அங்கே மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. அது மிக மிகக் கொஞ்சமாகத்தான் மின்சாரம் எடுக்கும். ஆகவே துருப்பிடித்த இணைப்பின் வழியாகவும் 12 வோல்ட் முழுசாகக் காட்டும். ஒரு சாதாரணக் கார் பல்பை அதே இடத்தில் இணைத்தால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். இதைப் பாடப் புத்தகத்தில் 'அகத்தடை' என்று படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாளொன்றுக்குப் பத்து வண்டி பார்ப்பவருக்கு, ஒரு ஸ்விட்சுக்காக இரண்டு மாலைகள் தரையில் படுத்திருக்க முடியாது.

தேய்த்த தொடுமுனை நெடுநாள் வராது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜாரில் தேடி, அதே ரகத்தின் பழைய ஸ்விட்ச் ஒன்றை அறுநூறு ரூபாய்க்கு வாங்கினேன். அது இன்னும் டாஷ்போர்டு அறையில், மாமாவின் மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. பிளாஸ்க் இப்போது பின் இருக்கையில் பயணம் செய்கிறது.