பரிசோதனைக்கும் ஒரு பரிசோதனை

பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வேளையில் பெரியவர்கள் இளைஞர்களை விசாரிப்பது வழக்கம். "தம்பி, என்ன வேலை?" என்று கேட்டு, "கணனித் துறையில்" என்று பதில் வந்ததும் பேச்சு கலியாணத்துக்குத் தாவிவிடும். அந்தத் துறைக்குள்ளே நுட்பமான வேலை ஒன்று உண்டு. கணனிகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று பார்ப்பதற்குப் பிறர் எழுதிய பரிசோதனை நிரல்களை வாசித்துக் குறை காண்பதே அது. பரிசோதனையைப் பரிசோதிக்கவும் ஓர் ஆளா என்று நகைப்போர் உளர். வைத்தியர்கள் நகைக்கமாட்டார்கள்.

2021ஆம் ஆண்டில் இந்நாட்டில் வீடுகள்தோறும் கொரோனாப் பரிசோதனைப் பெட்டிகள் இருந்தன. மூக்கிலிருந்து எடுத்ததைக் கரைசலில் கலந்து சொட்டு விட்டால் 'சி', 'டி' என்ற இரண்டு எழுத்துக்களின் அருகே கோடு தெரியும். 'டி' கோடு இல்லையென்றால் தொற்று தென்படவில்லை. ஆனால் 'சி' கோடும் இல்லையென்றால்? தப்பினோம் என்று மகிழ்ந்து அம்மம்மாவைப் பார்க்கப் போய்விடக்கூடாது. பரிசோதனையே நடக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் நோயாளியின் இரத்தத்துடன், விடை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அதன் விடை பிழைத்தால் மற்ற அறிக்கைகளையும் வெளியே விடமாட்டார்கள்.

கணனி வலையமைப்பிலும் இதே சங்கடம் உண்டு. அந்த வலையமைப்பின் கதையில் லண்டன்வாசிகள் உரிமை கொண்டாட இடமும் உண்டு. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்பும் முறையை அமெரிக்காவில் போல் பாரன் முன்னரே சிந்தித்திருந்தார். அதை அறியாமல், இங்கே டெடிங்டனிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ் 1965இல் அதே முடிவுக்கு வந்தார். துண்டுகளுக்குப் 'பக்கற்' என்று பெயர் வைத்தவர் அவரே. நாம் பொதி என்று சொல்லலாம். 1973இல் யூனிவர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த பேராசிரியர் பீற்றர் கேர்ஸ்டைன், நோர்வே வழியாக லண்டனை அமெரிக்க வலையமைப்புடன் இணைத்தார். இன்றைய இணையத்துக்கு அத்திவாரமான டி.சி.பி. விதிகளை 1975 அளவில் நிரலாக்கிச் சோதித்த மூன்று குழுக்களில் அவருடைய குழுவும் ஒன்று. மற்றைய இரண்டும் அமெரிக்காவில் இருந்தன. ஒரே விதியை மூவர் தனித்தனியே வாசித்து எழுதினால், விதியில் எங்கே தெளிவில்லை என்பது தானாக வெளிப்பட்டுவிடும்.

பின்னர் இந்தச் சோதனைகளைப் பலகாரப் போட்டி போல நடத்தினார்கள். ஜோன் போஸ்டல் 1987இல் வெளியிட்ட குறிப்பில் அதற்கான புள்ளிகள் உள்ளன. கணனி தன்னுடனேயே இணைப்பை ஏற்படுத்திப் பேசினால் 1 புள்ளி. எல்லா விசேட அடையாளங்களையும் ஒன்றாகத் திணித்த முரட்டுப் பொதி ஒன்றைச் சரியாகக் கையாண்டால் 10 புள்ளி. சுகதேகியை மட்டும் பரிசோதித்துவிட்டு மருந்தை மெச்சக்கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பொதிகளைப் பெற்றுப் பிரிக்கும் வேலை கணனியில் 'கெர்னல்' என்ற பகுதியைச் சேர்ந்தது. கோயிலுக்கு மூலஸ்தானம் எப்படியோ கணனிக்கு அது அப்படி. அங்கே பிழை நேர்ந்தால் முழுக் கணனியும் நின்றுவிடக்கூடும். ஆகவே சோதிக்கிறார்கள். ஆனால் சோதிப்பவரும் வழுக்கலாம். ஒவ்வொரு பொதியிலும் அதிலுள்ள எண்களின் கூட்டுத்தொகை எழுதப்பட்டிருக்கும். பெறும் கணனி மீண்டும் கூட்டிச் சரிபார்க்கும். பழுதான பொதி நிராகரிக்கப்படுகிறதா என்று பார்க்க, ஒருவர் இரண்டு எண்களை இடம் மாற்றி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 27உம் 45உம் எந்த வரிசையில் கூட்டினாலும் 72தானே! பொதி உள்ளே போய்விடும். இதில் கெர்னலின் குற்றம் எதுவுமில்லை, சோதித்த விதம்தான் பிழை.

இதைவிடப் பொல்லாதது எப்போதும் 'சரி' என்று சொல்லும் பரிசோதனை. இவ்வகை நிரல்கள் பலவற்றில் கடைசிக் கட்டளையின் முடிவே முழுச் சோதனையின் முடிவாகிவிடும். கடைசிக் கட்டளை, சோதனைக்கு அமைத்தவற்றைக் கூட்டித் துடைப்பதாக இருந்தால், நடுவில் எது உடைந்தாலும் விடை 'சரி'தான். தேவையான கருவி இல்லாமையால் சோதனை 'தவிர்க்கப்பட்டது' என்று பதிவாவதும் உண்டு. தோல்வி இல்லை என்று அதை வாசிப்பவர், 'சி' கோடு இல்லாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியடைகிறார்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். குறிப்பிட்ட ஒழுங்கில் பொதிகளை அனுப்பி, தூரத்திலிருந்தே லினக்ஸ் கணனியை நிறுத்திவிட முடியும் என்று 2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் பொறியியலாளர் ஒருவர் காட்டினார். 2009இல் வெளியான பதிப்பிலிருந்தே அந்தப் பிழை உள்ளே இருந்தது. அதற்கு முன் நடந்த சோதனைகள் எத்தனையோ! எக்ஸ்ரே படமும் இரத்த அறிக்கையும் வைத்தியசாலைக்குள் பொதிகளாகவே ஓடுகின்ற காலம் இது.

அதனாலேயே, லினக்ஸின் வலையமைப்பு நிரல்களைப் பார்வையிடுவோரில் கவனமானவர் 'சரி' என்ற விடையைக் கண்டதும் எழுந்து போவதில்லை. பிழையைத் திருத்திய வரிகளை வேண்டுமென்றே நீக்கிவிட்டு அதே சோதனையை ஓட்டுகிறார். இப்போது தோல்வி என்று வரவேண்டும். வராவிட்டால் சோதனையை எழுதியவருக்கு அது திரும்பிப் போகும். இரண்டு தரமும் மூன்று தரமும் போவதுண்டு. எழுதியவர் மூத்தவராக இருந்தாலும் இதில் தயவு தாட்சண்யம் இல்லை. தோல்வி வந்தால் வரிகளைத் திரும்ப வைத்து, மீண்டும் ஓட்டி, அதன் பிறகே பார்வையிட்டவர் என்று தம் பெயரைக் கொடுக்கிறார். அந்தப் பெயர் அந்தத் திருத்தத்தோடு கெர்னலின் வரலாற்றில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கும்.