ரொட்டியும் ரோதமுனியும்

நுவரெலியாவில் எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று கேட்கும் கொழும்பு, யாழ்ப்பாண, சென்னை நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த குறிப்புகள் இவை. ஒழுங்கு எதிர்பார்க்க வேண்டாம். பக்கச்சாய்வும் உண்டு. 'சின்ன இங்கிலாந்து' என்ற விளம்பரத்தில் எனக்குப் பிடிப்பில்லை. இங்கிலாந்து பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்துக்கே போகலாம். இங்கே பார்க்க வேண்டியது தேயிலைத் தோட்டம். சாப்பிட வேண்டியதும் தோட்டத்துச் சாப்பாடுதான். அது டவுனில் சுலபமாகக் கிடைக்காது என்பதுதான் சிக்கல்.

*

ஏப்ரலில் வராதீர்கள். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு 'சீசன்' களைகட்டும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் பந்தயம் என்று கொழும்பே மலையேறிவிடும். கிரகரி வாவியைச் சுற்றி வாகனம் நகராது. அறை வாடகையைக் கேட்டால் குளிரிலும் வியர்க்கும்.

ஜனவரி கடைசி தொடங்கி மார்ச் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், சில விடியல்களில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். தேயிலைக்கும் அதுதான் காலம். வடகீழ்ப் பருவக்காற்று மழையை மறுபக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மேற்குச் சரிவுக்கு இறங்குகிறது. பகலில் வெயில், இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும். தலவாக்கலை, கொட்டகலை, டிக்கோயா, பொகவந்தலாவைப் பக்கத் தூளை அந்த மாதங்களில் வாங்குங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஊவாத் தேயிலை. அதற்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை.

*

டவுனைப் பற்றிச் சுருக்கமாக. 1,868 மீற்றர் உயரம். சிவப்புச் செங்கல் தபாற்கந்தோர் 1894இல் கட்டியது, இன்னும் தபாற்கந்தோராகவே இருக்கிறது. உள்ளே போய் ஓர் அட்டை எழுதிப் போடுங்கள். விக்டோரியா பூங்காவில் பூவைவிடப் பறவை விசேஷம். டிசம்பர் முதல் மார்ச் வரை காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடி வெள்ளைக்காரர்கள் கழுத்தில் தொலைநோக்கியோடு, அழகான பாத்திகளுக்கெல்லாம் முதுகைக் காட்டி, ஊத்தை ஓடையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாவி 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் வெட்டியது. படகு, மட்டக்குதிரை எல்லாம் உண்டு. பிள்ளைகள் இருந்தால் போகலாம்.

சாப்பாட்டுக்குப் புதிய கடைவீதி. சைவம் என்றால் அம்பாள் கடை, தோசையும் வடையும் பிளேன்டியும். செலவழிக்க மனமிருந்தால் கிராண்ட் ஹோட்டல். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் கட்டிய மாளிகையில் தொடங்கிய கதை அது, 1891இலிருந்து ஹோட்டல். அங்குள்ள இந்திய உணவகத்தில் மாலையில் வரிசை நிற்கும். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் டை கட்டுவது வழக்கம், இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கிடைக்கும். துரைமார் போய் அரை நூற்றாண்டாகிறது. அவர்களின் கழுத்துப்பட்டி மட்டும் போகவில்லை. ஒருதரம் போய்ப் பார்க்கலாம், சிரிப்பாவது வரும்.

*

இனி ரொட்டி.

தோட்டத்தில் விடியற்காலையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் புகைக்கூண்டில் புகை வந்தால் அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்று அர்த்தம். கோதுமை மா, துருவிய தேங்காய், உப்பு, தண்ணீர். வெங்காயமும் பச்சைமிளகாயும் போடுவது வசதியைப் பொறுத்தது. பிசைந்த மாவைக் கையாலேயே தட்டித் தடிப்பாகக் கல்லில் போடுவார்கள். மேலே கறுப்புப் புள்ளிகள் விழுந்ததும் திருப்பிப் போட்டு, ஓரத்தை விரலால் அழுத்தி உருட்டி உருட்டிச் சுடுவார்கள். அந்த ஓரம் மொறுமொறுவென்று வரவேண்டும், நடு மெத்தென்று இருக்கவேண்டும். கூட ஒரு கட்டச்சம்பல். செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசி, கடைசியில் தேசிக்காய்ப் புளி. அம்மியில் அரைத்ததற்கும் மிக்ஸியில் அடித்ததற்கும் நாக்கு உடனே வித்தியாசம் சொல்லும். மிக்ஸி வெங்காயத்தைக் கூழாக்கிவிடும். அம்மியில் அது நசுங்கி நிற்கும்.

இதே ரொட்டிதான் துண்டில் சுற்றி மலைக்குப் போகும், போத்தலில் சாயத்தண்ணியோடு. காலையில் சுட்டது பத்து மணிக்குத் தோல்போல இழுபடும். அப்போதுதான் சம்பலின் அருமை தெரியும். 1970களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்கள் பட்டினியில் கிடந்தன. 2022 நெருக்கடியில் மா விலை ஏறியபோதும் முதலில் அடி விழுந்தது இந்த ரொட்டியில்தான்.

இதை ஒரு தட்டில் வைத்துப் பெருமையாக விற்கும் கடை நுவரெலியாவில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணலாம். 'பாரம்பரிய உணவு' என்று பலகை வைத்த இடங்களில் பால்சோறும் பொல்சம்பலும் இருக்கும். தோட்டத்துப் பாரம்பரியம் அந்தப் பலகைக்குள் இன்னும் வரவில்லை. ஆகவே டவுனை விட்டு இறங்குங்கள். தலவாக்கலை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா பஸ் தரிப்பிடங்களுக்குப் பக்கத்தில், காலை ஏழு மணிக்கு முன், கண்ணாடிப் பெட்டிக்குள் ரொட்டி அடுக்கியிருக்கும் சின்னக் கடைகளைப் பாருங்கள். "அக்கா, சுடச்சுட ரெண்டு போடுங்க, கட்டச்சம்பல் இருக்கா?" என்று கேட்டால் போதும். பருப்புக் கறியும் சேர்த்துக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

*

மரக்கறி. 1840களில் சாமுவேல் பேக்கர் இங்கே ஆங்கிலேயப் பண்ணை போட்டதாகப் புத்தகங்கள் சொல்லும். இன்று லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா, பீட்ரூட் எல்லாம் கந்தப்பளை, மீபிலிமானைப் பக்கத்திலிருந்து லொறி லொறியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்குகின்றன. கண்டி வீதியோரக் கடைகளில் கட்டுக்கட்டாக வாங்கலாம். லீக்ஸை வெள்ளைத் தண்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பச்சைத் தாளையும் பொடியாக அரிந்து, மஞ்சளும் மிளகாயும் போட்டு வதக்கினால் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். ஆனால் மண்ணைக் கழுவ மூன்று தண்ணீர் வேண்டும்.

*

பதுளை வீதியில் சீதா எலிய. ஓடைக்கரையில் சீதை அம்மன் கோவில், பாறையில் உள்ள குழிகளை அனுமன் பாதம் என்பார்கள். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது, சரயு நதித் தண்ணீர் அயோத்தியிலிருந்து வந்தது. இந்தியப் பயணிகளின் பஸ்கள் வரிசையாக நிற்கும். எனக்குக் கூட்டத்தைவிட ஓடைச் சத்தம் பிடிக்கும், அதனால் காலை நேரம். கொஞ்சம் தள்ளி ஹக்கல தாவரவியல் பூங்கா. 1861இல் கொயினா மருந்துக்காக சின்கோனா மரம் நட்டுத் தொடங்கியது. மலைக்காய்ச்சலுக்கு மருந்து வளர்த்த இடத்தில் இன்று ரோசாவோடு படம் பிடிக்கிறார்கள்.

ரம்பொடையில் சின்மயா மிஷன் அனுமன் கோவில். கோவிலைவிட எதிரே விழும் அருவிக்காகவே நின்று போகலாம்.

*

கண்டியிலிருந்து வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியதும், வழிகாட்டிகள் பலர் தவறவிடுவதும் ஒன்றே. கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம். 2007இல் திறந்தது. பழைய லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஒரு குடும்பம் முழுக்கச் சமைத்து, பிள்ளை பெற்று, படுத்தெழும்பிய காம்பராவுக்குள் நின்று பார்த்தால், உடனே வெளியே வந்துவிடத் தோன்றும். தேயிலையைப் பற்றி எவ்வளவோ நூதனசாலைகள் உண்டு. பறித்தவர்களைப் பற்றியது இது.

*

ஸ்டோர் பார்ப்பது. தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் ஸ்டோர் என்போம். டம்ரோ லபுக்கலை, பீட்ரூ போன்ற இடங்களில் சுற்றிக் காட்டுவார்கள். வாட்டும் தட்டில் பச்சைக் கொழுந்து மணத்தையும், உலர்த்தும் இடத்து மணத்தையும் அடுத்தடுத்து மூக்கில் பிடித்துப் பாருங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது. ஸ்டோருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சூலமோ கல்லோ இருந்தால், அது ரோதமுனி. யந்திரச் சக்கரத்தில் கை போகாமல் காக்கும் சாமி. தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணும் காலத்துக்கு ஒரு கவ்வாத்துச் சாமி. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மாரியம்மனையும் முனியையும் கூட்டிவந்தது மட்டுமல்ல, வேலைக்கேற்றபடி புதுச் சாமியையும் உண்டாக்கிக்கொண்டார்கள். வழிகாட்டியிடம் கேளுங்கள். தமிழ் வழிகாட்டி என்றால் முகம் மலரும்.

கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்க முன் கேளுங்கள். நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள். கொழுந்து குறைந்தால் நாள் பேர் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், ஆகும் ஆபத்து அவர்களுக்கு. வீதியோரம் கூடையோடு படத்துக்கே நிற்பவர்கள் வேறு, அவர்களுக்குக் காசு கொடுப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

*

ரயில் நுவரெலியாவுக்கு வராது, நானுஓயாதான் ஸ்டேஷன். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குப் போன சின்ன ரயில் 1940களோடு நின்றது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம், பிள்ளைகள் கூச்சல் போடும் இடம். ஹட்டனில் இறங்கினால் குளிர் கொஞ்சம் தணியும், தமிழ்ச் சத்தம் கூடும். தீபாவளிக்கு முந்திய வாரம் அந்த பஜாரில் நடந்து பாருங்கள். பேக்கரியில் மீன் வைத்த மாலுபாண், இரவில் கொத்துத் தட்டும் சத்தம். மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மஸ்கெலியா பஸ் ஏறலாம்.

அந்த வழியில்தான் சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை பருவம். நல்லதண்ணியிலிருந்து ஏறுவது கிட்ட வழி, படிகள் ஐயாயிரத்துக்கு மேல். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் விடியலுக்குச் சரி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வழிக் கடைகளில் இஞ்சித் தேத்தண்ணியும் வடையும் இருக்கும். இறங்கும்போது முழங்கால் பேசும், அதற்கு ஒரு தடி.

*

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளைச் சரித்துப் போட்டது. ரயில் பாதை, வீதி, அருவிப் பக்கத் தங்குமிடம் எதுவானாலும் புறப்படுமுன் நிலைமையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மழை விடாமல் பெய்தால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

தூள் வாங்குவோருக்கு: வெறும் சாயம் குடிப்பவர் நுவரெலியாத் தூளில் பி.ஓ.பி. ரகம் கேளுங்கள், தண்ணீர் பொன்னிறமாக நிற்கும். பால் ஊற்றிக் குடிப்பவர் டிக்கோயாப் பக்கத்து பி.ஓ.பி.எஃப். ரகம் வாங்குங்கள். நுவரெலியாத் தூளில் பாலை ஊற்றினால் இரண்டும் வீண்.